ஊமைக்கல்லில் நீ மறைத்தது

ஹாரடன்,
1884, சனவரி 9.

கடலுக்கு அப்பால் வாழும் என் மகளே, தாமசின்! உன்னோடு சேர்ந்து இந்த மடலைக் கேட்கப்போகும் மருமகன் ஜேபெசே! கேளுங்கள். நம் ஹாரடன் குன்றை நம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள். பட்டப்பகலில், முத்திரை குத்திய தாளைக் கையில் ஏந்தி, அறமன்றத்தின் வாயில் வழியாகவே வந்து பிடுங்குகிறார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் வேறு எவனும் அல்லன், உன் தந்தை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதத் துணிவு இருக்குமோ இராதோ.

அங்கே செப்புச் சுரங்க ஊரின் வெயிலில் நீயும் ஜேபெசும், நாங்கள் இன்னும் முகம் காணாத பேத்தி எஸ்தரும் உடல் நோகாமல் இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் தாயும் உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று எழுத விரல் வளையவில்லை. உன் தாய்க்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை, ஆயினும் பால் கறக்கும் முக்காலியை எவருக்கும் விட்டுத்தர மாட்டாள். புள்ளிப்பசு கன்று ஈன்றது, கன்று பிழைக்கவில்லை. கூரை வடமேற்கு மூலையில் ஒழுகுகிறது. அடுப்பில், சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்து எரிக்கும் கரிமண் இல்லை, தாமசின். நம் வீட்டு அடுப்பு நான் அறிந்த நாள் முதல் அணைந்ததில்லை, சென்ற இலையுதிர் காலத்தில் அணைந்தது. குன்றின் பின்புறச் சதுப்பில் கரிமண் வெட்டச் சென்றவர்களை நிலக்கிழாரின் ஆட்கள் மண்வெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். முள் விறகை எரிக்கிறோம், அது வெடித்துச் சிதறி ஒரு நாழிகையில் சாம்பலாகிறது. உன் தாய் அதைப் பார்த்து, "எங்க வீட்டு மனுசன் மேடையில பேசுற மாதிரியே எரியுது பாரு, சத்தம் ஜாஸ்தி, சூடு கம்மி" என்று அண்டை வீட்டாரிடம் சொன்னாளாம். சொல்லட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற கோடையில் நிலக்கிழாரின் கணக்கர் பெல்லமி, வெளியூர்க் கல்லுடைப்பார் இருவரோடு குன்றின்மேல் ஏறினார். நகரத்தில் பாலம் கட்டக் கல் வேண்டுமாம். வெள்ளைச் சுண்ணத்தால் பாறைகளுக்கு எண் இட்டார்கள். மூன்று தமக்கையர் இருக்கிறார்களே, ஞாயிற்றுக்கிழமை நடனமாடிக் கல்லாய்ப் போனவர்கள், அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று ஆனார்கள். மூடுபனியில் தொலைந்த கணவனைப் பார்த்துக் காத்துநிற்கும் கைம்பெண் பாறை நான்கு. பேய் தன் மரச்செருப்பை விட்டுப்போன இடம் ஐந்து. உன் தாய் ஆண்டுதோறும் முதற்கம்பளி வெட்டும் நாளில் கைம்பெண் பாறையின் கழுத்தில் ஒரு நூல் கட்டுவாளே, சென்ற ஆண்டும் கட்டப் போனாள். அந்தக் கழுத்திலேயே துளைக்கருவி ஒரு முழ ஆழத்துக்கு இறங்கியிருந்தது. நூலைத் திரும்பக் கொண்டுவந்து அடுப்பு மாடத்தில் வைத்துவிட்டு அன்று முழுதும் ஒரு சொல்லும் பேசவில்லை. என் வீட்டில் அவள் பேசாத நாள் அது ஒன்றே.

அங்கே காவலுக்கு நிற்பவன் யார் தெரியுமா? ஜார்ஜ் நோஸ்வர்தி. என்னோடு ஒரே பலகையில் படித்து, ஒரே சதுப்பில் கரிமண் வெட்டிய அதே நோஸ்வர்தி. புதுத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். நான் போய் நின்று, "ஏண்டா ஜார்ஜ், இதுக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கைம்பெண் பாறையைக் காட்டிக் கேட்டேன். அவன் என் கண்ணைப் பார்க்காமல், "நாலு, அண்ணே" என்றான். "உங்கம்மா இதோட காலடியில படுத்துத்தானடா உன்னையப் பெத்தா, மழைக்கு ஒதுங்கி!" என்றேன். "அப்ப நான் நாலாம் நம்பருக்குப் பொறந்தவன்னு வச்சுக்க. போ அண்ணே, மேலதிகாரி வர்ற நேரம்" என்றான். சிரிப்பும் வந்தது, அறையவும் கை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

குன்று ஊரின் பொதுநிலம், அதில் எவனுக்கும் துளையிடும் உரிமை இல்லை என்று நாங்கள் பதினெட்டுக் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தோம். நம் பொதுநிலம் ஊமைக்கல் வரையில் என்று பழைய தோல் ஆவணம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அதை நிலக்கிழாரும் மறுக்கவில்லை. ஊமைக்கல் எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது வடக்கே ஓடையைத் தாண்டி நிற்கிறது, ஆகவே குன்று முழுதும் நம்முடையது. ஆனால் அரசின் நிலப்படத்தில் ஊமைக்கல் என்ற பெயர் தெற்குச் சரிவில், நம் ஊர்ப் பெண்பன்றிகள் முதுகு சொறிந்துகொள்ளும் பன்றிப்பாறையின்மேல் அச்சாகி இருக்கிறது! அந்தப் படத்தின்படி எல்லை குன்றுக்கு இப்பாலேயே முடிந்துவிடுகிறது. குன்றும், அதன் பின்னுள்ள சதுப்பும், மேய்ச்சலும், ஓடையும் நிலக்கிழாருக்கு. பன்றிப்பாறை நமக்கு.

அந்தப் பெயரை அங்கே எழுதவைத்தவன் நான்.

உனக்கு அப்போது நான்கு வயது. அரசின் நிலப்படம் வரைவோர் அளவுச் சங்கிலியும் தொலைநோக்குக் குழாயும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்லுக்குக் கல் பெயர் கேட்டார்கள். மற்றவற்றுக்கெல்லாம் உண்மைப் பெயரையே சொன்னேன். ஊமைக்கல் எது என்று கேட்டபோது நோஸ்வர்தி என் விலாவில் இடித்தான். நான் கையை நீட்டிப் பன்றிப்பாறையைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நோஸ்வர்தி புல்லில் விழுந்து புரண்டு சிரித்தான். அன்று தொடங்கி ஊரே சிரித்தது. அறுவடை விருந்துகளில் அந்தக் கதையை என்னைச் சொல்லச்சொல்லிக் கேட்பார்கள். நானும் படம் வரைவோரின் குரலைப் போலவே பேசி, குழாயில் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி நடித்துக் காட்டுவேன். பதினெட்டுக் குடும்பமும் இருபது ஆண்டு சிரித்தது. ஒருவரும், நான் உட்பட, அச்சான பொய் வளரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற நவம்பரில் மன்றத்தில் நின்றேன். பேசினேன், மகளே, என் வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை. எங்கள் ஆடுகள் மேய்ந்த தடம் உங்கள் படத்தைவிட மூத்தது என்றேன். சுரங்கத்தில் மாண்டவர்களையும் பனியில் மாண்டவர்களையும் பெயர் சொல்லி அழைத்தேன். மன்றத்தில் பின்வரிசைப் பெண்கள் அழுதார்கள். பின்பு நிலக்கிழாரின் வழக்கறிஞர் எழுந்தார். ஒல்லியான மனிதர், மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசுபவர். "மிஸ்டர் ஹெக்ஸ்ட், ரொம்ப நல்லாப் பேசினீங்க. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்றார். அன்று சொன்னது என்றேன். "எதுக்குச் சொன்னீங்க?" விளையாட்டுக்கு என்றேன். "அரசாங்கத்து ஆள்கிட்ட விளையாட்டு. இப்ப இந்த மன்றத்துல என்ன விளையாட்டு, மிஸ்டர் ஹெக்ஸ்ட்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். மன்றம் சிரித்தது. நம் பக்கத்தாரிலும் சிலர் சிரித்தார்கள், பழக்கம்! முப்பது ஆண்டுகளாக வழிபாட்டுக் கூடத்திலும் சந்தைத் திடலிலும் முழங்கிய இந்த வாய் அங்கே ஒரே கேள்வியில் செத்தது.

நடுவர் கொடியவர் அல்லர். ஒன்று சொன்னார். வழக்குத் தொடுத்த பதினெட்டுக் குடும்பத்தாரும் அந்த நிலத்தால் பயன் பெறுவோர், அந்தப் பொய்யைத் தெரிந்தே வளர்த்தோர், அவர்கள் சொல்லை மட்டும் வைத்து அச்சிட்ட படத்தைத் தள்ள இயலாது. நிலத்தில் பங்கில்லாத ஒருவர், உண்மைக் கல்லை அறிந்தவர், அது அந்தக் கல்லே என்று கண்ணால் காணத்தக்க அடையாளம் காட்டினால் ஏற்பேன் என்றார். ஏப்ரல் 29 வரை காலம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

நீதான், தாமசின். கடல் கடந்து போனவளுக்கு இந்தப் பொதுநிலத்தில் பங்கில்லை, உன்னை விட்டால் வேறு யாரும் இல்லை. எல்லைச்சுற்று உனக்கு நினைவிருக்கிறதா? ஏழாண்டுக்கு ஒருமுறை ஊரே கோல் எடுத்துக்கொண்டு கல் கல்லாய்த் தட்டிச் சுற்றிவரும். ஊமைக்கல்லில் மட்டும் அனைவரும் வாய்மூடுவோம். ஒரு சிறுவனைத் தலைகீழாய்ப் பிடித்து, மறவாதபடி மூன்று முறை அவன் உச்சந்தலையைக் கல்லில் முட்டுவோம். பின்பு எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொள்ள, அவன் தன் உடைமை ஒன்றைக் கல்லின் வெடிப்பில் தனக்கு மட்டும் தெரியும்படி மறைத்துத் தாரால் அடைப்பான். உன் ஒன்பதாம் வயதில் ஊரில் ஆண்பிள்ளைகள் அனைவரும் மணல்வாரி அம்மையில் படுத்துவிட்டார்கள். நோஸ்வர்தி, "பொட்டப்புள்ளய முட்டினா கல்லுக்குக் கோவம் வரும்" என்று குறுக்கே நின்றான். நான், "கல்லு ஊமைதான ஜார்ஜ், கோவம் வந்தா யார்கிட்டச் சொல்லும்?" என்று கேட்டு உன்னைத் தூக்கினேன். மூன்றாம் முட்டில் நீ, "போதும்ப்பா, ஞாபகம் வந்துருச்சு!" என்று கத்திவிட்டாய். அமைதி குலைந்து ஊரே சிரிப்பை அடக்கமுடியாமல் திணறியது. பின்பு முதுகைத் திருப்பினோம். வெகுநேரம் எடுத்துக்கொண்டாய். எதை மறைத்தாய், எந்த வெடிப்பில் மறைத்தாய், நான் இன்றுவரை கேட்டதில்லை, கேட்பது முறையும் அன்று. உனக்குப் பின் எல்லைச்சுற்று நடக்கவே இல்லை. ஒருமுறை மாட்டுக் கொள்ளைநோய், அடுத்தமுறை எங்கள் சோம்பல். உனக்கு முன் மறைத்தவர்களில் உயிரோடு மிஞ்சியவன் நோஸ்வர்தி ஒருவனே. அவனிடம் போனேன், இரண்டாம் முறையாகத் தாழ்ந்து போனேன். "தலைகீழாப் புடிச்சாங்கல்ல அண்ணே, இருந்த ஞாபகமெல்லாம் அங்கயே கொட்டிப்போச்சு" என்றான். அவன் மகன் கல்லுடைப்பில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். நான் அவனை வெறுக்க முயல்கிறேன், முழுதாக முடியவில்லை.

இனி எழுதப்போவதை மன்றத்தில் சொல்லவில்லை, உன் தாயிடமும் கடந்த ஞாயிறு வரை சொல்லவில்லை. நான் விளையாட்டுக்குப் பொய் சொல்லவில்லை, தாமசின். படம் வரைவோர் வந்த அந்தக் கிழமையில் உனக்குத் தொண்டை அடைப்புக் காய்ச்சல். மூச்சு இழுக்கும்போது கதவுக்கீல் போல் ஒலித்தது, அழுதால் ஒலியே இல்லை, வாய் மட்டும் திறந்தது. ஊமைக்கல்லின் கதை உனக்குத் தெரியும். இடையன் ஒருவன் வேற்றாளுக்கு எல்லைக்கல்லைக் கைநீட்டிக் காட்டினான், வீடு திரும்பியபோது அவன் குழந்தை அவனை அழைக்க வாய் திறந்தது, குரல் வரவில்லை, அக்குரல் கல்லுக்குள் போய்விட்டது. காற்றடித்தால் குன்றின் எல்லாப் பாறையும் சீழ்க்கை அடிக்கும், அது மட்டும் அடிக்காது. இந்தக் கதையை மூடக்கதை என்று எத்தனை கூட்டங்களில் கிழித்துப் போட்டிருக்கிறேன்! கல்லுக்கு அஞ்சுபவன் கடவுளுக்கு அஞ்சவில்லை என்று எத்தனை முறை மேசையைத் தட்டியிருக்கிறேன்! ஆனால் அந்த மனிதர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "ஊமைக்கல் எதுங்க?" என்று கேட்டபோது, எனக்குத் தெரிந்தது உன் திறந்த வாய் ஒன்றே. கை தானாகப் பன்றிப்பாறையைக் காட்டியது. நோஸ்வர்தி சிரித்ததால் நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் நீ குரல் கொடுத்துத் தண்ணீர் கேட்டாய். அன்று தோட்டத்தில் தனியே நின்று, என் பொய்க்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இதைவிட இழிந்த வழிபாட்டை நான் செய்ததில்லை.

இப்போது அந்தக் கல்லின் இடத்தை வேற்றாள் முன்னிலையில் உன் வாயால் சொல்லும்படி உன்னைக் கேட்கிறேன், மடியில் ஆறு மாதக் குழந்தையோடு இருக்கும் உன்னை! உன் தாய்க்கு இது விளங்கியதும் கையிலிருந்த சட்டுவத்தைக் கீழே வைத்தாள். "நீங்க பயந்ததை அவ பயப்படாம செய்யணுமாக்கும்? அவ புள்ளைக்குத் தொண்டை இல்லியா?" என்றாள். அது வெறும் கதை என்றேன். "கதைன்னா அன்னிக்கே கையை நேரா நீட்டியிருக்க வேண்டியதுதான மனுசா!" என்றாள். நேற்றுக் காலை அடுப்பு மாடத்திலிருந்த அந்தக் கம்பளி நூலை எடுத்து என் எழுதுபலகைமேல் வைத்தாள். "எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க. இதையும் உள்ள வைங்க, பேத்தி கழுத்துல கட்டட்டும்" என்றாள். வைத்திருக்கிறேன். கைம்பெண்ணுக்கு உரியது அது, இனி அவளுக்குக் கட்டக் கழுத்து இல்லை.

உன்னிடம் பொய் நம்பிக்கை பேசமாட்டேன், பேசிய பொய்கள் போதும். இந்த மடல் உன் கைக்கு வர ஏழு வாரம் ஆகும். உன் மறுமொழி வர இன்னும் ஏழு வாரம். அங்கிருந்து இரு வாரத்துக்கு ஒரு கப்பல்தான் என்கிறார்கள். ஒரு கப்பலைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது. தந்தியில் சொன்னால் மன்றம் ஏற்காது, கையொப்பமும் முத்திரையும் வேண்டுமாம். தாள் காலத்தில் வந்தாலும் நிலக்கிழார் மேல்மன்றம் போவார், எங்களுக்கு அங்கே போகக் கையில் காசு இல்லை. அதற்கும் மேல் ஒன்று. கல்லுடைப்புக்கு வண்டிப்பாதை போட ஓடைப்பக்கம் முளை அடித்திருக்கிறார்கள், கடைசி முளை ஊமைக்கல்லுக்குப் பன்னிரண்டு அடியில் நிற்கிறது. அது வெறும் தற்செயலா, நோஸ்வர்தியின் மறதி குறைந்துவிட்டதா, அறியேன். நீ மறைத்ததை அவர்கள் உடைத்துத் தூளாக்கும் முன் நடுவரின் ஆள் அங்கே போய்ச் சேர்வானா, அதையும் அறியேன். பதினெட்டில் ஏழு குடும்பம் ஏற்கெனவே வழக்கிலிருந்து விலகிவிட்டது. மீதிப் பேர் என்னைத் தெருவில் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள், நிற்பதில்லை. காலையில் எழுந்தால் துளைக்கருவியின் ஓசை கேட்கிறது, நம் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் அதற்கேற்ப நடுங்குகின்றன. எனக்கு நம்பிக்கை இல்லை, மகளே. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று கையை நேரே நீட்டியிருக்க வேண்டியவன் நான்.

இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடாமல் நெடுங்காலம் வாழுங்கள். எஸ்தர் வளர்ந்து வாய் ஓயாமல் பேசி உங்களைத் தூங்கவிடாமல் செய்யட்டும் என்று வாழ்த்துகிறேன். ஜேபெசைச் சுரங்கத்தில் நனைந்த சட்டையோடு உட்காரவிடாதே. குழந்தையின் கழுத்தில் எப்போதும் கம்பளித்துணி சுற்றிவை. அங்கே வெயில்தான் என்பாய், இருக்கட்டும், சுற்றிவை. கதைக்காக அன்று, காற்றுக்காக. கதைக்காகவும்தான் என்று வைத்துக்கொள்.

இப்போது இந்த மடலைக் கீழே வை. அடுப்பை உன் அண்டைவீட்டாரிடம் ஒப்படை. குழந்தையை இடுப்பில் எடு. உங்கள் ஊர் நடுவரின் வீட்டுக்குப் போ, நாளை என்னாதே, சலவை முடியட்டும் என்னாதே. ஓடைக்கு வடக்கே நிற்கும் கல்லில், எந்தப் பக்கத்து வெடிப்பில், தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில், எதை மறைத்தாய் என்று ஆணையிட்டுச் சொல். எழுதவை, முத்திரை இடச்செய், உன் கையாலேயே கப்பல் அஞ்சலில் சேர். என் குரலை எவரும் கேட்கமாட்டார்கள். உன் குரல் மிஞ்சியிருக்கிறது. உரக்கச் சொல், தாமசின், இன்றே சொல்!

உன் குரலுக்காகக் குன்றை விற்றுவிட்ட தந்தை,
அம்புரோஸ் ஹெக்ஸ்ட்